மூன்று சம பாகம்

தப்பாகச் சொல்லிவிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது. சாதிக் தம்பி திரும்பக் கூப்பிடுவார். கூப்பிட்டதும், ஸ்கிரீனில் இருப்பதை இருக்கிறபடியே படியுங்கள் அக்கா என்பார். நான் ஓர் எழுத்தைப் பிசகிப் படித்தாலும் அவர் அங்கே பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வேறொரு ஸ்கிரீனை மனசில் கட்டிக்கொள்வார், அதற்குத் தோதான பட்டனைச் சொல்வார், நான் அதை இந்த ஸ்கிரீனில் அழுத்துவேன், இத்தனை வருஷத்து டிசைனும் போய்விடும். அதனால் அவர் கூப்பிடுவதற்குள் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொள்கிறேன். நீலத் திரை. நடுவில் சாம்பல் நிறப் பெட்டி. பெட்டிக்குள் மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு நம்பர், பிறகு அளவு, பிறகு என் டி எஃப் எஸ் என்று நாலு எழுத்து. நம்பர்கள் ஒன்று, ஐந்து, ஆறு. ஏன் ஒன்று, ஐந்து, ஆறு? இரண்டும் மூன்றும் நாலும் எங்கே போயின? நான் எதையாவது தட்டி அவை போய்விட்டனவா, இல்லை, ஆரம்பத்திலிருந்தே இல்லையா? முதல் வரியின் மேல் சிவப்பாக ஒரு பட்டை நிற்கிறது. அம்புக்குறியைத் தட்டினால் அது கீழே இறங்கும். என்டரைத் தட்டினால் அது நிற்கிற வரியை எடுத்துக்கொள்ளும். மவுஸ் இங்கே செல்லாது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீபோர்டின் ஓரத்தில் ஓர் ஈ நடக்கிறது. ஈக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது. ஆனால் என் என்டர் பட்டன் தட்டித் தட்டித் தேய்ந்து லேசாகிவிட்டது, எழுத்தே அழிந்துபோயிற்று. முந்தானையால் விரட்டலாம் என்றால் முந்தானை பட்டுவிடும். ஊதலாமா? மெதுவாக ஊதுகிறேன். ஈ போகவில்லை, என்டர் பக்கமாகத்தான் இன்னும் ஓரடி வைக்கிறது.

ஒரு பட்டனுக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் நூல் எடுக்க ஈரோட்டுக்குப் போயிருக்கிறார், இருந்திருந்தால் பின்னால் நின்றுகொண்டு, அழுத்து பார்ப்போம், என்ன ஆகிவிடும் என்றிருப்பார். தறிக்கு முன்னால் உட்காருகிறவர் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். என் வேலை அப்படி இல்லை. கட்டம் கட்டமான திரையில் புள்ளி வைக்கிறேன், ஒரு புள்ளி ஓர் இழை. சேலைக்குப் பார்டர், முந்தி, உடம்பில் பூப்பூவாகப் புட்டா. நான் வைத்த புள்ளியை அட்டையில் துளையாக அடித்துத் தறியின் தலையில் ஏற்றிவிட்டால் பிறகு அந்தத் தறி அதைத்தான் நெய்யும். ஒரு புள்ளி தப்பினால் அந்த டிசைனில் வருகிற அத்தனை சேலையிலும், அதே இடத்தில், அதே தப்பு. ஒருமுறை தாழம்பூ பார்டரில் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவள் கட்டியிருந்த சேலையில் அதைப் பார்த்தேன், அவள் இறங்கும்வரை என் கண் அந்த இடத்தை விடவில்லை, அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். கற்றுக்கொண்டது இந்த ஒரு வேலைதான், அதுவும் இந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில்தான். டிசைன் போடுகிற சாப்ட்வேர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும், வேறு எதில் போட்டாலும் திறக்காது. பெட்டியின் முதுகில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லாக் செருகியிருக்கிறது, அது இல்லாவிட்டால் எக்ஸ்பியிலும் திறக்காது. இதெல்லாம் தெரிந்தவர் என் டிசைனை வாங்குகிற கோயமுத்தூர்க்காரர், முன்பெல்லாம் ஆளை அனுப்பி சிடியில் வாங்கிக்கொண்டு போவார். இப்போது அவர்கள் கம்பெனிக்கு என்று நெட்டில் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்களாம், டிசைனை அதில்தான் ஏற்ற வேண்டுமாம், நாளை சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் தீபாவளி ஆர்டரில் என் பெயர் இருக்காதாம். அந்தப் பக்கம் எக்ஸ்பியில் வெள்ளையாக நிற்கிறது, ஒன்றுமே வருவதில்லை. சாதிக் சொன்னார், பழையது பழையபடி இருக்கட்டும் அக்கா, பக்கத்தில் இன்னொரு பாகத்தில் லினக்ஸ் என்று புதியது ஒன்றைப் போட்டுவிடலாம், அதில் அந்தப் பக்கம் திறக்கும், பெட்டியைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். கேட்குமா? பதில் சொல்லாமல் இருந்தால்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் என்றார். எதை, என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர், மகளுக்குப் பிரசவ வலி என்று காலையில் போன் வந்ததும் லினக்ஸ் சிடியை என் கையில் கொடுத்து, அழுத்த வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிட்டு, திருச்சி பஸ் ஏறிவிட்டார். போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு தறியும் ஒரே நேரத்தில் அடித்தால் என் மேஜைமேல் இருக்கிற தண்ணீர்ச் சொம்பில் வட்டம் வட்டமாக வரும். அது என் மூத்தார் வீடு, என் வீட்டுக்காரருக்கு அண்ணன். ஒரே வீடாக இருந்ததுதான். பிரிக்கிறபோது பெரியவர்கள் நாலு பேர் வந்து டேப் பிடித்தார்கள், மூத்தவர் பங்கு ஒரு முழம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்றார்கள், கொத்தனார் கயிறு கட்டினார். நான் அடுப்படியில் எல்லாருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். சுவர் எழும்பி முடிந்தபோது அந்த ஒரு முழம் என் அடுப்படி ஜன்னலை எடுத்துக்கொண்டிருந்தது. சட்டமும் கம்பியும் என் பக்கம் அப்படியே இருக்கின்றன, கதவைத் திறந்தால் செங்கல். அதில் உப்பு ஜாடியை வைத்திருக்கிறேன். வெளிச்சம் இல்லாமல் போனதால்தான் அந்த இடத்தைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கினோம், அடுப்பைப் பின்பக்கம் போட்டோம். கம்ப்யூட்டருக்கு எதற்கு வெளிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு எதைப் பிரித்தாலும் நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், பலகாரம் பங்கு வைத்தாலும் சரி. சாதிக் இந்த டிஸ்க்கை முதல்முதலாகப் பிரித்த அன்றும் நின்றேன். எக்ஸ்பிக்கு சி, டிசைனுக்கு டி, மற்றதுக்கு இ. டிசைன் ரொம்ப இடம் எடுக்காது, டியைச் சின்னதாக வெட்டலாம் என்றார். வேண்டாம், மூன்றும் சமமாக இருக்கட்டும் என்றேன். அதனால் என்ன லாபம் அக்கா என்றார். சமமாக இருக்கட்டும் என்று மறுபடியும் சொன்னேன். இப்போது மூன்று வரியிலும் ஒரே அளவு. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற சொச்சமும் ஒன்றேதான், விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டேன். சி, டி, இ என்ற எழுத்தை இந்த ஸ்கிரீன் காட்டவில்லை. அளவைப் பார்த்து எது எது என்று கண்டுகொள்ள வேண்டும். இ காலியாக இருக்கிறது, அதில் இருந்த கல்யாண போட்டோவையெல்லாம் நேற்றே டிக்கு மாற்றிவிட்டேன். அந்தக் காலியில்தான் புதியது போக வேண்டும். காலியான வீடும் குடியிருக்கிற வீடும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கின்றன.

போன் அதிர்கிறது. மேஜைமேல் வைத்திருந்தது நகர்ந்து நகர்ந்து கீபோர்டில் முட்டப்போகிறது, பாய்ந்து எடுக்கிறேன். பஸ் சத்தம், கண்டக்டர் விசில், அதற்குள் சாதிக் குரல். மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைக் கேட்டபிறகு என் மூன்று வரியைப் படிக்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் படிக்கிறேன், பழகி வைத்தபடியே, நீலத் திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்றாவது வரியின் அளவைச் சொன்னதும் அவர் குறுக்கிட்டார். 

"மூணும் ஒரே சைஸாக்கா?"

"நீங்கதான தம்பி பிரிச்சுக் குடுத்தீங்க."

"நீங்கதானக்கா ஒரு நூலுகூட முன்ன பின்ன இருக்கக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னீங்க."

 ஒன்று என்பது சி, அதில் சந்தேகமே இல்லை என்கிறார். இரண்டும் மூன்றும் நாலும் எங்கே என்று கேட்கிறேன், அது அப்படித்தான் இருக்கும் அக்கா, அதை விடுங்கள் என்கிறார். விட்டுவிட முயற்சி செய்கிறேன். மிச்சம் ஐந்தும் ஆறும். வரிசைப்படி ஐந்து டி, ஆறு இ, அப்போது ஆறை எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், இருங்க இருங்க என்று நிறுத்திக்கொண்டார். எனக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒருமுறை எவனோ ஒருவன் பென்டிரைவில் வைரஸ் கொண்டுவந்து செருகி, ஒரு பாகம் திறக்காமல் போய், சாதிக் அதை அழித்து மறுபடி போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து பெட்டியின் முன்னால் இருக்கிற பென்டிரைவ் ஓட்டைகளுக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த ரகளையில் டிசைன் எல்லாம் இயில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது ஆகவில்லை. இந்த ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், டியில் வைத்தால் எதுவும் போகாது என்று. அட்டை அடிக்கிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், எல்லாரும் முக்கியமானதை டியில்தான் வைப்பார்கள். என்னுடையது மட்டும் இயில் இருந்தால் எப்படித் தூக்கம் வரும். டிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று தொந்தரவு பண்ணினேன். அவர் டிசைனை நகர்த்தினாரா, இல்லை, பாகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மாற்றி டி என்று பெயர் வைத்தாரா? கேட்கிறேன். எழுத்தைத்தான் மாற்றினேன் போல இருக்கிறது அக்கா, அப்படியானால் டிசைன் ஆறில் இருக்கும், காலியாக இருப்பது ஐந்து என்கிறார். போல இருக்கிறது என்றால்? தொண்ணூறு பர்சன்ட் என்கிறார். மிச்சப் பத்தில் தாழம்பூ இருக்கிறது, மாங்காய்க் கொடி இருக்கிறது, என் சின்ன நாத்தனார் கல்யாணம் இருக்கிறது. அவருக்கு என் மூச்சு கேட்டிருக்க வேண்டும். இன்னும் ஒன்றும் எழுதவில்லை, கடைசியில் எழுதட்டுமா என்று அது கேட்கும், அதற்கு ஆமாம் என்றால்தான் எழுதும், அதுவரை எதுவும் போகாது, எழுத ஆரம்பித்த பிறகு மட்டும் கரண்ட் போகக் கூடாது என்று வேகவேகமாகச் சொல்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இருங்கக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடுறாங்க என்று வைத்துவிட்டார்.

ஐந்து. அம்புக்குறியை ஒரு தரம் தட்டுகிறேன், சிவப்புப் பட்டை ஐந்தின்மேல் வந்து நிற்கிறது. போல இருக்கிறது. இன்னொரு தரம் தட்டினால் ஆறு. ஐந்தில் நிற்கும்போது டிசைன் ஐந்தில் இருப்பதாகத் தெரிகிறது, ஆறில் நிற்கும்போது ஆறில். பட்டையை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். என்டருக்கு மேலே விரலைக் கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன். கடைசியில் கேட்கும் என்றாரே, அதுவரை போகலாமே. ஆனால் அது எந்த வார்த்தையில் கேட்கும்? ஏற்கெனவே கேட்டு, நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேனா? காலையிலிருந்து எத்தனை என்டர். ஒவ்வொன்றுக்கும் சாதிக் சொன்னாரே என்று தட்டினேன், எதையும் படித்தா தட்டினேன்? அந்த இரண்டும் மூன்றும் நாலும். சொம்புத் தண்ணீரில் வட்டம் நின்றுவிட்டது. முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் சத்தம் நின்றது தெரிந்தது. மூத்தார் வீட்டுத் தறி, அதற்கு அடுத்த வீட்டுத் தறி, தெரு முழுக்க, யாரோ ஊரின் வாயைப் பொத்தியது போல. கரண்ட் போய்விட்டது. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கிறது. ஸ்கிரீன் மட்டும் இருட்டில் நீலமாக நிற்கிறது, ஐந்தின்மேல் சிவப்பு. யுபிஎஸ்ஸின் பாட்டரி பழசு, எவ்வளவு தாங்கும் என்று அதற்கே தெரியாது. கத்துகிற கத்தலில், சீக்கிரம் சொல், சீக்கிரம் சொல் என்று அது என்னைக் கேட்கிற மாதிரி இருக்கிறது, பதில் சொல்லாவிட்டால் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அன்றைக்கும் இப்படித்தான், கொத்தனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சொல்லுங்க, கலவை இறுகுது என்றார். எல்லாரும் சரி சரி என்றார்கள். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்னும் எழுதவில்லை. இன்னும் எழுதவில்லை என்றுதான் சொன்னார். எழுதாதபோது நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, எழுதும்போதுதான் நிறுத்தக் கூடாது. அவர் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா? பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நீலம் போயிற்று. யுபிஎஸ்ஸையும் அணைத்தேன். காதுக்குள் மட்டும் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

இருட்டு பழகியதும் பெட்டியின் உள்பக்கம் தெரிகிறது. சூடாகிறது என்று பக்கத்து மூடியை எப்போதோ கழற்றிவிட்டோம், தறிப் பஞ்சு உள்ளே போய்ப் படிந்திருக்கிறது. கீழே டிஸ்க். அதிலிருந்து ஒரு சிவப்பு நாடா, ஒரு கரண்ட் ஒயர், அவ்வளவுதான். ஐந்தா ஆறா என்று கேட்கிறார்கள். கேட்கவே முடியாதபடி செய்துவிட்டால்? மாட்டாத டிஸ்க்கில் எப்படி எழுதும்? இது என்ன யோசனை, இதைச் சாதிக் சொல்லவில்லையே, அவர் சொல்லாததைச் செய்யலாமா. சொன்னார். போன மாதமே சொன்னார், மேஜைக்கு அடியில் பேப்பரில் சுற்றிக் கிடக்கிற அந்த டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, இது நல்லாத்தானே இருக்கு, இதைத் தனியாக மாட்டிவிடலாமே அக்கா, இதில் புதியதைப் போட்டுவிட்டுப் பிறகு இரண்டையும் சேர்த்து மாட்டினால் இதிலிருந்தே அதில் இருக்கிற டிசைனை எடுத்துக்கொள்ளலாமே என்றார். நான்தான் வேண்டாம், அது வேறு வீட்டுப் பொருள் என்றேன். அது ருக்கு அக்கா கொடுத்தது. என் ஓரகத்தி, மூத்தார் சம்சாரம். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் தறிக்கணக்குப் பார்க்கப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழையதிலிருந்து கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தூக்கிப் போட மனசு வரல, உன் பெட்டிக்குத்தான் நம்ம வீட்டுச் செவுத்து வயசாச்சே, வச்சுக்கோ என்றாள். கேலியா கரிசனமா என்று தெரியாமல் வாங்கிக் கீழே வைத்தேன், பிரிக்கக்கூட இல்லை. இப்போது குனிந்து எடுக்கிறேன். கனமாக இருக்கிறது. பெட்டிக்குள் பொருத்தப் போனவள் நின்றுவிட்டேன். இதற்குள் என்ன இருக்கிறது? காலி என்று அவள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு போட்டோ, கணக்கு, யாருடைய கல்யாணமோ, எதுவும் இருக்கலாம். என் டிசைனுக்காக நடுங்கிக்கொண்டு அவர்களுடையதை நான் அழித்தால்?

சாதாரண நாளில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் போகாது, தறி விடாது. இப்போது அவள் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. ஜன்னல் சட்டத்துக்கு மேலே கொத்தனார் சாரம் கட்டிய ஓட்டை ஒன்று இன்னும் அடைபடாமல் இருக்கிறது, பஞ்சு அதன் வழியாகத்தான் வரும். உப்பு ஜாடியை நகர்த்திவிட்டு ஸ்டூல்மேல் ஏறி, ருக்கு அக்கா என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"யாரு, தெய்வானையா? செவுத்துக்கு வாய் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன் போ."

டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். தப்பாகத்தான் சொன்னேன், ஐந்து, ஆறு, பஸ், சாதிக் மகள் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில், இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நான் தொடமாட்டேன் என்று முடித்தேன். 

"எல்லாம் புதுசுக்கு மாத்தியாச்சு. குடுத்ததே உனக்குத்தான. இதைக் கேக்கவா ஸ்டூல்ல ஏறுன?"

"கேக்காம எப்படிக்கா அழிக்கறது."

 அவள் சேலை சுவரில் உரசுகிறது, ஓட்டைக்கு நேராக வந்து நிற்கிறாள் போலிருக்கிறது. "அன்னைக்கு உன்கிட்டயும் யாரும் கேக்கல" என்றாள், "என்கிட்டயும் கேக்கல புள்ள. அந்த ஜன்னலு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, நாலு தறியும் ஒன்றாக எழுந்து அடித்தன, அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஓட்டையில் பஞ்சு பறந்தது. நான் சரிக்கா என்றேன், எதற்குச் சரி என்றேனோ.

ஸ்டூலிலிருந்து இறங்கி ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, உடம்புக் கரண்ட் டிஸ்க்கில் ஏறக் கூடாது என்று சாதிக் எப்போதும் செய்கிற மாதிரி ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுக்கொண்டேன். என் டிஸ்க்கிலிருந்து சிவப்பு நாடாவைப் பிடுங்கினேன், ஒயரைப் பிடுங்கினேன், திருகைக் கழற்றி வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதே நாடாவை ருக்கு அக்காவின் டிஸ்க்கில் செருகினேன், ஒருவேளை மாறிவிட்டதோ என்று கழற்றிப் பார்த்து மறுபடியும் செருகினேன். பிளக்கை மாட்டிப் பெட்டியைப் போட்டேன், நீலத் திரை வந்தது, காலையில் தட்டிய என்டர் எல்லாவற்றையும் இந்தத் தடவை எழுத்துக் கூட்டிப் படித்துத் தட்டினேன். சாம்பல் பெட்டிக்குள் ஒரே ஒரு டிஸ்க். என்னுடையதில்லை என்று அளவைப் பார்த்தே தெரிந்தது. எதில் எழுதட்டும் என்றது, காட்டினேன். கடைசியில், சாதிக் சொன்னபடியே, எழுதட்டுமா என்று கேட்டது. என் டிஸ்க்கை அதற்கு முன்பே பருத்தித் துணியில் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடி ஊக்கில் கோத்திருந்தேன். ஆமாம் என்பதன்மேல் பட்டையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, துணியைப் பிரித்து, அது இருக்கிறதா, அதில் எந்த ஒயரும் இல்லையா என்று இன்னொரு தரம் பார்த்துப் பூட்டிவிட்டு வந்துதான் என்டரைத் தட்டினேன்.